சமப் பழுது

காவலுக்கு நிலம் போதாது, வானமும் வேண்டும் என்று நான்கு மாவட்டங்களின் காவல் படைகள் ஒருநாள் கண்டுபிடித்தன. தனித்தனியே பறக்க வசதி இல்லை. சேர்ந்து பறப்போம் என்றன. அப்படிப் பிறந்ததுதான் கூட்டுக் காவல் வான்பணி நிலையம். படைகள் நான்கு, ஹெலிகாப்டர்கள் நான்கு, அவற்றுக்கு ஒரு கொட்டகை, அவற்றைப் பற்றிப் பேச ஒரு கூட்ட அறை. இவற்றுள் கூட்ட அறை மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை.

அந்த நிலையத்தின் வரவேற்பறையில், சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், தையற்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடையைப் பூட்டினோமா, திறந்தபடி விட்டு வந்தோமா என்பது அவருக்கு நினைவில்லை. காலையில் ஏரிக்கரை உடைந்தது. கரைக்குக் கீழே இருந்த நீரேற்று நிலையத்தில் வேலை பார்க்கும் அவருடைய தங்கையும், அவளோடு வேலை பார்ப்பவரும் கூரைமேல் ஏறி நின்றார்கள். தீயணைப்புப் படகு இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெள்ளத்தில் புரண்டு திரும்பியது. "மேலேருந்து தூக்குனாத்தான் உண்டு. வான்பணி நிலையத்துக்கு ஓடுங்க. போன் பண்ணிட்டு நிக்காதீங்க, எடுக்க மாட்டாங்க" என்று படகுக்காரர் சொன்னார். தையற்காரர் ஓடி வந்துவிட்டார்.

கையிலிருந்த போன் நடுங்கியது. 

"அண்ணே, எங்க இருக்க?"

"ஹெலிகாப்டர் ஆபீஸ்லதான்மா. தண்ணி எவ்வளவு வந்திருக்கு?"

"ஜன்னல் முங்கிருச்சு. ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு வாரம் இழுப்பியே, அந்த மாதிரி இழுத்துறாத. தண்ணிக்கு உன் வாடிக்கைக்காரங்க மாதிரி பொறுமை கிடையாது."

"விளையாடாதடி."

"விளையாடலைன்னா அழணும்ணே. பக்கத்துல பெருசு ஏற்கெனவே அழுதுட்டிருக்கு. ரெண்டு பேரும் அழுதா கூரை தாங்காது."

பெருசு என்பது அவளோடு நிற்கும் மோட்டார் மெக்கானிக். ஓய்வு பெற இருந்தவர். கனத்த உடம்பு, நீச்சல் தெரியாது.

தையற்காரர் எழுந்து வாசல் காவலரிடம் போனார்.

"ஐயா, ஒரு ஹெலிகாப்டர் வேணும்."

"உங்களுக்கு ஆபத்து வந்திருச்சா, இல்ல வரப்போகுதா?"

"வந்திருச்சுங்க. தங்கச்சி கூரைமேல நிக்குது."

"நிக்கிறாங்கல்ல? அப்ப இன்னும் வரலை. வந்த ஆபத்துன்னா பறப்புப் பிரிவு. வரப்போற ஆபத்துன்னா திட்டப் பிரிவு. நீங்க திட்டப் பிரிவுக்குப் போங்க."

"பறப்புப் பிரிவுக்கே போயிடறேனே?"

"அது பூட்டியிருக்கு."

"ஏங்க?"

"பறப்பு இல்லையே" என்றார் காவலர், மிகுந்த பொறுமையோடு.

திட்டப் பிரிவின் அறைக்கு ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் கொட்டகை. பராமரிப்புத் திட்ட அதிகாரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர், தையற்காரரை அன்போடு வரவேற்றுக் கண்ணாடியருகே நிறுத்தினார். உள்ளே மூன்று ஹெலிகாப்டர்கள் பிரித்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றின் வால் ஓரிடத்தில், உடல் வேறிடத்தில். ஒன்றின் இறக்கைகள் சுவரில் சாய்ந்திருந்தன, பெருக்கி முடித்த துடைப்பங்களைப் போல. நான்காவது மட்டும் முழுதாக, துடைத்துப் பளபளப்பாக நின்றது.

தையற்காரருக்கு உயிர் திரும்பியது. "அய்யா! அது பறக்குமா?"

"நல்லா பறக்கும். அதனாலதான் அதைத் தொடாம வச்சிருக்கோம்."

"மத்த மூணுக்கும் என்னங்க சீக்கு?"

"வடக்குப் படையோட வண்டிக்கு மட்டும்தான் சீக்கு. இன்ஜின்ல வெடிப்பு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

அதிகாரி நிமிர்ந்தார். அவர் குரலில் ஒரு பெருமிதம் ஏறியது. "ஒப்பந்தம்! எங்க வண்டி படுத்துக் கெடக்க, அவங்க வண்டி மட்டும் பறந்தா அது கூட்டா, கூத்தான்னு வடக்குக்காரங்க கேட்டாங்க. நியாயம்தானே? அதனால சமப் பழுது ஒப்பந்தம் போட்டோம். ஒருத்தர் வண்டி எத்தனை நாள் பட்டறையில கெடக்குதோ, அத்தனை நாள் மத்தவங்க வண்டியும் கெடக்கணும். முறை போட்டுப் பிரிப்போம், முறை போட்டுக் கோப்போம். தெற்கு வண்டியை நல்லா இருந்தப்பவே பிரிச்சு, இப்பத்தான் கோத்து நிறுத்தியிருக்கோம். ஏற்றத்தாழ்வே கிடையாது சார் இங்க!"

சமத்துவம்! எத்தனை தெருக்களில் எத்தனை தொண்டைகள் கிழியக் கேட்ட சொல் அது! இல்லாதவனுக்கும் இருப்பவனுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை மேடாக்குங்கள் என்று கேட்டார்கள். அந்தக் குரல் இந்தக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தபோது, மேட்டையெல்லாம் பள்ளமாக்கினால் வேலை சுலபம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. அவர்தான் இப்போது வெள்ளைச் சட்டையோடு கண்ணாடியருகே நின்றார்.

"சரிங்கய்யா. அந்த நல்ல வண்டியை அனுப்புங்க. போயிட்டு உடனே வந்துரலாம்."

"எதுக்கு அனுப்பணும்?"

"தேவை இருக்குதேய்யா!"

அதிகாரி வருத்தத்தோடு சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன வருஷம் எங்க நிலையத்துக்கு எத்தனை தேவை வந்துச்சு தெரியுமா? ஒண்ணுகூட இல்ல."

"யாருமே கேக்கலையா?"

"கேட்டாங்க, நிறைய பேர். கேட்டா அது தேவை ஆயிடுமா? பறந்தாத்தான் தேவைன்னு கணக்கு."

"அப்ப பறந்துருங்களேன்."

"தேவை இருந்தாத்தானே பறக்க முடியும்?"

நூல்கண்டு சிக்கினால் ஒரு முனையைப் பிடித்துப் பிரித்துவிடலாம் என்பது தையற்காரரின் தொழில் நம்பிக்கை. இந்தச் சிக்கலுக்கு முனையே இல்லை.  கண்ணாடியில் தெரிந்த தம் முகத்துக்குப் பின்னால் ஹெலிகாப்டர் நின்றது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது, கண்ணாடிதான் குளிர்ந்தது.

போன் மறுபடி நடுங்கியது.

"அண்ணே, கூரைக்கு ஒரு முழம்தான் இருக்கு. உன் அளவு நாடா இருந்தா சரியா சொல்லியிருப்பேன்."

"வந்துட்டாங்கம்மா, கிளம்பிட்டாங்க" என்று பொய் சொன்னார்.

"பொய் சொல்றப்ப உன் குரல் மெலிஞ்சிரும்ணே. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சீக்கிரம் வரச் சொல்லு."

அறையின் மூலையில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், பறக்கும் உடுப்பில் ஒரு பெண் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலையத்தின் விமானி அவள். பறக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து உடுப்பின் முழங்கால் தேய்வதற்குப் பதிலாகப் பின்பக்கம் தேய்ந்திருந்தது. அதிகாரி வெளியே போனதும் அவள் எழுந்து வந்தாள்.

"அண்ணே, பயப்படாம கேளுங்க. பிரிச்சுக் கோத்த வண்டியைச் சோதனைக்கு ஓட்டிப் பாக்கணும். அந்தச் சோதனைப் பறப்புக்கு மட்டும் நாலு படையோட சம்மதம் வேணாம். தெற்கு வண்டிக்கு அது இன்னும் பாக்கி."

"அப்ப வாங்கம்மா, போகலாம்!"

"கூட்டம் முடியாம சாவி குடுக்க மாட்டாங்க. எத்தனை ஹெலிகாப்டர் வச்சுக்கலாம்னு இன்னைக்கு முடிவு பண்றாங்க. முடிவு தெரியாம ஓட்டுனா வண்டி தேயுமாம். ஆனா கூட்டம் ஆரம்பிக்கவே இல்ல. மக்கள் பிரதிநிதி வரலை."

"எப்ப வருவாரு?"

"இறந்து ரொம்ப நாளாச்சு. ராஜினாமா பண்ணாம இறந்துட்டாரு, அதனால அந்த நாற்காலி இன்னும் அவருக்குத்தான். பதிலுக்கு யாராவது உக்காரலாம்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மக்கள்தானே?"

கூட்ட அறையில் குளிர் அதிகம். நீள்வட்ட மேசையைச் சுற்றி நான்கு படைகளின் பேராளர்கள், பெயருக்குப் பதிலாகத் திசை எழுதிய பலகைகளின் பின்னே அமர்ந்திருந்தார்கள். தலைமாட்டில் நிலையத் தலைவர். தையற்காரர் இறந்தவரின் நாற்காலியில் உட்கார்த்தப்பட்டார். வரவேற்றுக் கைதட்டினார்கள். போனை அணைத்துவிடச் சொன்னார்கள். அவர் அணைக்கவில்லை, மேசைக்கு அடியில் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். உயிருள்ள குஞ்சு ஒன்றைப் பிடித்திருப்பது போலிருந்தது.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"பேராளர்களே! நாம் இந்த நிலையத்தைத் தொடங்கியபோது உலகம் சிரித்தது. நான்கு படைகள் சேர்ந்து நான்கு ஹெலிகாப்டர்களை நடத்த முடியுமா என்று கேட்டது. இன்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்: நம் ஹெலிகாப்டர் ஒன்றுகூட விபத்துக்குள்ளானதில்லை! வானத்தில் ஒரு பிழைகூடச் செய்யாத வான்படை உலகத்தில் உண்டென்றால் அது நாம்தான்! காரணம் என்ன? கட்டுப்பாடு. பறக்கத் துடிக்கும் இயந்திரத்தைப் பறக்கவிடாமல் வைத்திருப்பது எளிதான காரியமா? யார் வேண்டுமானாலும் பறந்துவிடலாம். காக்கைகூடப் பறக்கிறது. பராமரிப்பு, அதுதான் நாகரிகம்!"

கைதட்டல். தையற்காரரும் தட்டினார், ஒரு கையால் தொடையில். தட்டாவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம்.

மேற்கு எழுந்தார். "தலைவரே, நாலும் வேணும்னு நாங்க சொல்றோம். எங்க ஊர் ஊர்வலத்துல லாரியில ஏத்திக் காட்டுறதுக்கு எங்க வண்டி கட்டாயம் வேணும்." தெற்கு அதை ஆதரித்தார். நேற்றுத்தான் கோத்து முடித்த தம் வண்டியை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கிழக்கு மறுத்தார். "தேவை சுழியம். சுழியத்துக்கு நாலு எதுக்கு? ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிட்டு மூணை ஒழிச்சிருவோம். அப்படி ஒழிச்சா பழுதும் நாலுல மூணு பங்கு கொறையும். ஒரே நாள்ல இப்படிக் கொறைச்ச பராமரிப்புத் திட்டம் எங்கயாவது உண்டா?" வடக்கு தலையசைத்தார். தம் வண்டி எப்படியும் பிழைக்காது, பிறருடையதும் போகட்டும்.

இரண்டுக்கு இரண்டு. எல்லாத் தலைகளும் தையற்காரர் பக்கம் திரும்பின.

அந்த நேரம் உள்ளங்கைக்குள் போன் துடித்தது. அவர் குனிந்து, மேசை விளிம்புக்குக் கீழே காதைக் கொண்டுபோனார்.

"அண்ணே." அந்தக் குரலில் கேலி இல்லை. கேலி இல்லாத அவள் குரலை அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை. "தண்ணி கால்ல படுது. பெருசு பேச மாட்டேங்குது, கண்ணை மூடி என் கையைப் புடிச்சிருக்கு. வேற ஒண்ணும் வேணாம். நீ எதாச்சும் பேசிட்டே இரு."

அவர் வாய் திறப்பதற்குள் தலைவர் அருகில் வந்து குனிந்தார்.

"என்ன சொல்றாங்க வீட்ல?"

"சாகப்போறேன்னு சொல்லுதுங்க."

"அடடா." தலைவர் உண்மையாகவே வருந்தினார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாருங்க, நான் சுத்தி வளைக்கல. நீங்க ஒண்ணுக்குக் கை தூக்குனா தீர்மானம் முடிஞ்சது. கூட்டம் முடிஞ்சா சாவி வெளியே வரும். சோதனைப் பறப்பு எங்க போகுது, எங்க வருதுன்னு நாங்க கேக்கறதில்ல. நாலுக்குத் தூக்குனீங்கன்னா தகராறு ஆகும், கூட்டத்தை மழை முடிஞ்சதும்தான் மறுபடி கூட்டுவோம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. மக்கள் விருப்பம்."

நான்கு வண்டிகளில் மூன்று ஒழிந்தால் என்ன ஆகும் என்று தையற்காரருக்குத் தெரியாமல் இல்லை. அவர் ஊரில் ஏரி ஒன்றல்ல. கூரைகளும் ஒன்றல்ல. வருகிற மழைகளில் அந்தக் கூரைகளின்மேல் நிற்கப்போகிறவர்களை ஒரு கணம் பார்த்தார். அவர்கள் யாருக்கும் முகம் இல்லை. தங்கைக்கு மட்டும் இருந்தது.

கை தூக்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் மிக விரைவாக நடந்தது. இந்த நிலையத்தாலும் விரைவாக இயங்க முடியும் என்பதைக் கண்டதே ஒரு திகில். முடியாமல் இல்லை, இத்தனை நாளும் முடிந்துதான் இருந்திருக்கிறது. தெற்கு வண்டியில் சோதனைக்கான எடையாக, ஆளுக்கு நிகரான இரண்டு மணல் மூட்டைகளைத் தராசில் நிறுத்து ஏற்றினார்கள். "ஏத்துன எடையோட திரும்பணும். கூடக் கொறையக் கூடாது" என்று பராமரிப்புத் திட்ட அதிகாரி எச்சரித்தார். விமானி தலைக்கவசத்தை மாட்டினாள்.

"எடையோட வர்றேன் சார்" என்றாள்.

இறக்கைகள் சுழன்றபோது தையற்காரரின் அளவு நாடா கழுத்திலிருந்து பிய்ந்து பறந்துபோய், எங்கோ விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கையை அழைத்தார், மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார், மணியே அடிக்கவில்லை.  சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்மைத் தவிர யாரும் வானத்தைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். பேராளர்கள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு புள்ளி. பிறகு, திறந்த கதவில், மணல் மூட்டைகள் இருந்த இடத்தில், கால்களை உள்ளே இழுத்துச் சுருண்டு உட்கார்ந்திருந்த இரண்டு உருவங்கள்.

அவர் ஓடினார். பிடிக்க முடியவில்லை; நடுவே தராசைத் தள்ளிக்கொண்டு அதிகாரி வந்துவிட்டார்.

"தொடாதீங்க! சோதனை இன்னும் முடியலை."

தங்கையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பற்கள் தாளம் போட்டன. அவளைத் தூக்கித் தராசில் நிறுத்தினார்கள். பிறகு பெருசை. அவர் யாரையும் பார்க்காமல் நின்றார்.

"அண்ணே, என்னைய எதுக்கு நிறுக்கறாங்க? கறிக்கடைக்கா கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

கேலி திரும்பிவிட்டது. தையற்காரர் அப்போதுதான் அழுதார்.

அதிகாரி முள்ளைக் குனிந்து பார்த்தார். "ஒரு மூட்டை சரியா இருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் கனம் கூடியிருக்கே?"

"மழை சார். மணல் நனைஞ்சிருச்சு" என்றாள் விமானி, முகத்தில் அசைவில்லாமல்.

"ஆமாமா. நனைஞ்சா கூடும்." அவர் திருப்தியோடு நிமிர்ந்து, தேநீரோடு வந்து நின்ற தலைவரிடம் அறிவித்தார்: "சோதனை வெற்றி. இன்னைக்கு மீட்புப் பறப்பு ஒண்ணும் இல்ல. தேவை சுழியம். நம்ம தீர்மானம் சரின்னு ஆயிருச்சுங்க."

"ஒண்ணும் இல்லையா?" தங்கை துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டாள். "அப்ப என்னைய யாரு காப்பாத்துனா?"

"யாரும் காப்பாத்தலம்மா" என்றார் அதிகாரி கனிவோடு. "நீங்க மணல்."

அவர்கள் மூவரும் கொட்டகை வழியாக வெளியே நடந்தார்கள். பின்னால் தலைவரின் குரல் ஓங்கி ஒலித்தது. "பேராளர்களே! இனி நமக்கு இருப்பது ஒரே ஹெலிகாப்டர். ஒன்றை நால்வர் பகிர்ந்துகொள்வது எப்படி என்று அவநம்பிக்கைக்காரர்கள் கேட்பார்கள். விடை எளிது! வால் வடக்குக்கு. இறக்கை கிழக்குக்கு. உடல் தெற்குக்கு. இன்ஜின் மேற்குக்கு. அவரவர் பங்கை அவரவர் ஊரில் அவரவர் பராமரிக்கட்டும்!" கைதட்டல் கேட்டது. அதற்குள்ளாகவே ஆட்கள் திருப்புளிகளோடு தெற்கு வண்டியின்மேல் ஏறிவிட்டார்கள். விமானி தலைக்கவசத்தைக் கழற்றாமல் அதன் அடியிலேயே நின்றாள்.

வரவேற்பறையில், தையற்காரர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒரு காலில் மட்டும். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு குழந்தையின் குரல் "அம்மா, அம்மா" என்று கேட்டது. அதைச் சுற்றித் தண்ணீரின் இரைச்சல்.

ஈரத்தோடு வந்தவர்களைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள். முகத்தில் ஓர் ஒளி வந்தது.

"ஏங்க, உங்களை ஹெலிகாப்டர்லயா கொண்டுவந்தாங்க? எனக்கும் குடுப்பாங்களா? கேட்டா குடுப்பாங்கதானே?"

தையற்காரர் கூட்டத்தில் தூக்கிய வலது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"குடுப்பாங்கக்கா, பயப்படாதீங்க. எங்கண்ணன் உள்ளே போய்ப் பேசித்தான் வாங்குனாரு" என்றாள் தங்கை. பிறகு அண்ணனின் முழங்கையைத் தொட்டாள். "சொல்லுண்ணே. எப்படிக் கேட்டன்னு அவங்களுக்குச் சொல்லு."

கொட்டகையிலிருந்து, முதல் திருகு கழன்று தகரத் தட்டில் விழும் சத்தம் கேட்டது.

"குடுப்பாங்கம்மா" என்றார் தையற்காரர். குரல் மெலிந்திருந்தது.

தங்கை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.